அப்பா அச்சடிக்காத பெயர்

அன்புள்ள தூவிக்கு,

கூப்பிடுகிறவர்கள் வாயில் நுழையாத பெயருக்கு எவ்வளவு நல்ல அர்த்தம் இருந்துதான் என்ன பயன் என்று கேட்டு எழுதியிருந்தாய். எனக்குத் தெரியாது. பேருந்தில் யோசித்தேன், பாத்திரம் கழுவும்போது யோசித்தேன், தெரியவில்லை என்பதுதான் பதில். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவது நான் வேலை பார்க்கும் வானிலை அலுவலகத்தில் சில நாள் செல்லும், கடைசியில் ‘வாய்ப்பு உள்ளது’ என்று சேர்த்துவிட்டால் போதும். உன்னிடம் அது செல்லாது. மற்றபடி இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், வானம்தான் சரியில்லை. நீயும் நன்றாகத்தான் இருப்பாய், போன கடிதத்தில் சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பு தெரிந்தது, ஆகவே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். இதைத் தொலைபேசியில் சொல்லலாமே என்று நினைப்பாய். தொலைபேசியில் நீ பாதியிலேயே “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுகிறாய், கடிதத்துக்கு நடுவில் யாரும் சரிம்மா சொல்ல முடியாது.

உன் வருத்தத்தை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து உன்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, ‘ஜன்னலோரத்து மேசை’ என்கிறார்கள், நீ ராத்திரி பகலாகப் போட்ட பாலத்துக் கணக்கைக் கூட்டத்தில் பாராட்டும்போது பக்கத்து மேசைக்காரர் பெயரைச் சொல்லிவிட்டார்கள், காரணம் அந்தப் பெயர் சுலபம் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு எனக்கும் கோபம் வந்தது. பெயரை மாற்றும் மனுவை எழுதி வைத்திருக்கிறாய், இந்த வாரம் கையெழுத்துப் போட்டு அனுப்பப் போகிறாய், அது உன் உரிமை. நீ தேர்ந்தெடுத்திருக்கும் புதுப் பெயரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நம் தெருப் பல் மருத்துவர் வீட்டுப் பூனைக்கும் அதே பெயர் என்ற தகவலை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். நல்ல பூனை. கூப்பிட்டால் வராது.

அர்த்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் உன் அப்பா உனக்குச் சொல்லி வளர்த்ததில் பாதி அவருடைய சொந்தச் சரக்கு. தூவி என்றால் பறவையின் உடம்போடு ஒட்டியிருக்கும் மெல்லிய இறகு. அந்தக் காலத்துச் செய்யுளில் பணக்கார வீட்டு மெத்தைக்குள் அன்னத்தின் தூவியை அடைத்திருப்பார்கள். அவ்வளவுதான் அகராதியில் இருக்கிறது. ‘எந்தக் காற்றிலும் கீழே விழாதவள்’ என்பது உன் அப்பா சேர்த்தது. இறகு விழும். மெதுவாக விழும், அவ்வளவுதான் வித்தியாசம், காற்றோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்துகிற எனக்கு அது தெரியும். நீ பிறந்தபோது மருத்துவமனையில் பெயர் பதிகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு “எதைத் தூவி?” என்று கேட்டார். உன்னைத் துடைத்துக் கொண்டுவந்த தாதி, பெயரின் அர்த்தம் தெரிந்ததும் உன்னை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து “இறகா? இதுவா? எனக்குத் தோள்பட்டை விட்டுப் போச்சு சார்” என்றாள். பள்ளியில் உன்னை ‘உப்புத் தூவி, மிளகு தூவி’ என்று பாடினார்கள் என்பதும், பாடியவர்களில் ஒருவனுக்கு நீ முன்பல்லை ஆட்டிவிட்டாய் என்பதும் உனக்கே தெரியும். ஆகவே இந்தப் பெயரால் உனக்குத் தொல்லை வருவது இது முதல் தடவை இல்லை, அப்போது வேறு விதமாகச் சமாளித்தாய்.

ஏன் இந்தப் பெயர் என்று நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். உன் அப்பாவின் அச்சகம் அப்போதே பெயர்களின் சந்தை மாதிரி இருந்தது. கல்யாணப் பத்திரிகை, முகவரி அட்டை, கல்லூரி மலர், கடைத் திறப்பு, எல்லாவற்றிலும் பெயர். “ஒரே பேரை ஒரே நாள்ல மூணு கல்யாணத்துக்கு அடிச்சிருக்கேன், மாப்பிள்ளைங்க மட்டும்தான் வேற வேற” என்பார். தன் கையால் இதுவரை ஒரு தடவையும் அச்சுக் கோக்காத பெயர்தான் தன் பெண்ணுக்கு வேண்டும் என்று நீ வயிற்றில் இருந்தபோது அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிடைத்தது. இதுவரைக்கும் உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாத ஒன்று உண்டு. நீ வேலைக்காக அந்த ஊருக்குக் கிளம்பும்போது முகவரி அட்டை அடித்துத் தரச்சொல்லிக் கேட்டாய், மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டார், நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வேறு அச்சகத்தில் அடித்து வாங்கினாய். மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை. இத்தனை வருடத்தில் உன் பெயரை அவர் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட அச்சடித்ததில்லை, உன் கல்யாணப் பத்திரிகையில்தான் முதல் தடவையாக அடிக்க வேண்டும் என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை, உன் அத்தைதான் சொன்னாள், அத்தையிடம் சொன்னால் எனக்கு வந்து சேரும் என்று அவருக்கும் தெரியும். இதைக் கல்யாணப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு கடிதத்தை மடித்துவிடாதே. நீ பெயர் மாற்றப் போகிற விஷயத்தைச் சொன்னபோது “அவ பேரு, அவ இஷ்டம்” என்று சொல்லிவிட்டு அச்சகத்துக்குப் போய், முந்தின நாள் துடைத்த மெஷினை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். அதோடு சரி.

இப்போது புயலுக்கு வருகிறேன். கடலில் வரும் புயல்களுக்கு வைக்க ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது, அதில் உன் பெயரும் இருக்கிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தாயே, அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற முழுக் கதையும் உனக்குத் தெரியாது. பொதுமக்கள் பெயர் அனுப்பலாம் என்று எங்கள் அலுவலகம் அறிவித்த சமயத்தில் நீ இரண்டாம் வகுப்பு. முடி வெட்டிக்கொள்ள மாட்டேன் என்று சலூனின் சுழல் நாற்காலியில் நின்றுகொண்டு நீ போட்ட ஆட்டத்தில் பவுடர் டப்பா ஒரு பக்கம், தண்ணீர் தெளிக்கும் குப்பி ஒரு பக்கம், சலூன்காரர் வாசலுக்கு வெளியே. வீட்டுக்கு வந்ததும் அப்பா ஓர் அஞ்சலட்டையை எடுத்து உன் பெயரை எழுதிப் போட்டுவிட்டார், அதுவும் கையால்தான் எழுதினார், அச்சடிக்கவில்லை. பெயர் சின்னதாக இருக்க வேண்டும், யாரையும் புண்படுத்தக் கூடாது, இந்தக் கடலைச் சுற்றியிருக்கிற எல்லா நாட்டுக்காரர்களுக்கும் சொல்ல வர வேண்டும், முக்கியமாக ஆள் பெயராக இருக்கக் கூடாது என்பது விதி. எல்லா நாட்டுப் பிரதிநிதிகளும் கூடி உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள், உன் பெயர் ஒருவர் நாக்கிலும் தடுக்காமல் தேறியது. ஆகவே, உன் அலுவலகத்து நாக்குகளில்தான் ஏதோ கோளாறு என்பது என் துறை சார்ந்த முடிவு. அடுத்து, ஆள் பெயரா என்று பார்க்கத் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினார்கள், கணினியில் தேடினார்கள், அப்படி ஒருவரும் இந்த உலகத்தில் இல்லை என்று முடிவுசெய்தார்கள். அந்தக் குழுவுக்குத் தலைவர் எங்கள் இப்போதைய இயக்குநர். அந்த வாரமும் வழக்கம்போலப் பள்ளி விடுமுறை நாளில் நீ என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அவர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாய். அவருக்கும் மற்றவர்களுக்கும் உன்னைக் ‘குட்டி இடி’ என்றுதான் தெரியும். பட்டியல் அச்சாகி வந்தபோதுதான் நான் பார்த்தேன். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

அந்தப் பட்டியல் நகர்ந்து நகர்ந்து போன புயலோடு உனக்கு முந்தின பெயர் தீர்ந்துவிட்டது. இப்போது நடுக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உட்கார்ந்திருக்கிறது. காற்று இன்னும் கொஞ்சம் வேகம் பிடித்தால் அது புயல், புயலானால் அதன் பெயர் தூவி. பிடிக்காவிட்டால் பெயரில்லாமலே கரைந்துபோகும். நான் வேலை முடிந்து வீட்டுக்குள் காலை வைப்பதற்கு முன்பே உன் அப்பா “என்னம்மா, நம்ம பொண்ணு எப்படி இருக்கா? வேகம் கூடுச்சா?” என்று கேட்கிறார். கூரை பறக்கிற விஷயம், படகு உடைகிற விஷயம், இதில் ஆசைப்பட என்ன இருக்கிறது என்று கடிந்துகொண்டேன். “நான் எங்கம்மா ஆசைப்பட்டேன்? சும்மா விசாரிச்சேன். கரைக்கு வராம, யாருக்கும் ஒண்ணும் ஆகாம, கொஞ்ச நேரம் மட்டும் புயலா இருந்துட்டுப் போகக் கூடாதா?” என்கிறார். கடலுக்கு அப்படி விண்ணப்பம் போடும் வசதி இல்லை என்றேன். அதற்குப் பிறகு தட்டைக் கழுவிக்கொண்டே, எனக்குக் கேட்காது என்று நினைத்து, “தூவிப் புயல்... தூவிப் புயல்...” என்று அறிவிப்பாளர் குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் விட்டுவிடப் போகிற பெயரைக் கடலாவது எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. 

உன் அத்தை இதற்கு நேர் எதிர். அழகு நிலையத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு முகத்தில் பூசியதை அப்படியே காயவிட்டுவிட்டு ஆட்டோ பிடித்து எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். “அண்ணி, நம்ம பிள்ளை பேரைச் சொல்லி ஊரே மண்ணை வாரித் தூத்துமே, உங்க கையிலதானே இருக்கு, அடுத்த பேரைத் தூக்கிப் போட்டுடுங்களேன், யாருக்குத் தெரியப் போகுது” என்றாள். வரிசை மாறாது, நான் நினைத்தாலும் மாறாது என்றேன். “பெரிய படிப்பு படிச்சு என்ன, ஒரு பேரை மாத்த முடியலையே” என்று சொல்லிவிட்டு, என் மேசையில் இருந்த தேநீரையும் குடித்துவிட்டுப் போனாள். போகிற வழியில் சும்மா போகவில்லை. வரவேற்பில் இருந்தவரிடம், அந்தப் புயல் பேரு என் அண்ணன் பொண்ணோட பேரு, பாவம் அவளுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலை என்று புலம்பிவிட்டுப் போயிருக்கிறாள். அது நான் வரைபடத்தை விரிப்பதற்குள் மாடி ஏறி இயக்குநர் அறைக்குப் போய்விட்டது.

அவர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, தாழ்ந்த குரலில் “மேடம், இது ஆள் பேரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “உயிரோட இருக்கிற ஆளா?” ஆமாம், நேற்றுக்கூடக் கடிதம் வந்தது என்றேன். “யாரு?” குட்டி இடி என்றேன்.  “டெலிபோன் புக்கெல்லாம் தேடினேனே, அது நம்ம மேசைக்கு அடியில இருந்திருக்கே. அத்தனை பிஸ்கட் கொடுத்தேன், ஒரு தடவை உன் பேர் என்னம்மான்னு கேட்டிருக்கலாமே” என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறவர், விதியை மீறினோமே என்று ஒரு பக்கம் பயம், அத்தனை நாடும் ஒப்புக்கொண்ட பட்டியல் என்று ஒரு பக்கம் தைரியம். கடைசியில், “புயலாகாதுன்னு நம்புவோம் மேடம்” என்றார். நம்புவது எங்கள் வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை, மேலதிகாரி.

நிஜமாக என் கவலை என்ன என்றால், படகுகள் எல்லாம் கரைக்குத் திரும்பிவிட்டனவா என்பதுதான். பெயர் இருந்தால் மக்கள் கேட்கிறார்கள், பெயரில்லாத எச்சரிக்கையை வானொலியில் பாட்டுக்கு நடுவே வரும் விளம்பரம் மாதிரி விட்டுவிடுகிறார்கள். இதை இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். ‘ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்று சொன்னால் ஒருவரும் துணியைக்கூட எடுத்து உள்ளே போட மாட்டார்கள், ஒரு பெயரைச் சொல்லி வருகிறது என்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போவார்கள். பெயருக்குப் பயன் உண்டா என்ற உன் கேள்விக்கு இது பதில் இல்லை, புயலுக்கான பதில். உன்னுடையதற்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போடு என்றும் சொல்ல மாட்டேன், போடாதே என்றும் சொல்ல மாட்டேன். நீ எந்தப் பெயரில் இருந்தாலும் உனக்குச் சளி பிடித்தால் எனக்குத் தூக்கம் வராது. ஒரே ஒரு வேண்டுகோள், கடலில் இருப்பது ஒரு முடிவுக்கு வரும்வரை நீ பேனாவை ஒதுக்கி வை. அது இந்தப் பெயரைப் பிடிக்கிற அதே நாளில் நீ விட்டால் உன் அப்பா எந்தப் பக்கம் பார்ப்பார்? இன்னொன்று, அந்தப் பாலத்துக் கணக்கு உன்னுடையது என்பதை மேலதிகாரியிடம் நேரில் போய்ச் சொல். பெயரை மாற்றினாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், பூனைப் பெயர் தானாகப் போய்ச் சொல்லாது. குளிருக்குக் காதை மூடிக்கொள். நல்ல உடம்போடும் நல்ல மனிதர்கள் நடுவிலும் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். போன தடவை கேட்ட உன் புது வீட்டு முகவரியை இன்னும் சரியாக எழுதவில்லை, இதையும் உன் அலுவலகத்துக்குத்தான் அனுப்புகிறேன், கதவு எண்ணைச் சேர்த்து எழுது.

பிரியமுள்ள,
அம்மா

மறுநாள் மாலை. உறை ஒட்டாமல் இருந்ததால் இதையும் சேர்க்கிறேன்.

காலையில் காற்று புயலுக்கான வேக எல்லையைத் தொட்டது. வரைபடத்தை நானும் பார்த்தேன், ரேடாரில் இருப்பவரும் பார்த்தார், சந்தேகமில்லை. இயக்குநர் அறிவிப்புத் தாளை என் பக்கம் தள்ளி, “நீங்களே போடுங்க மேடம், ஒரே பொண்ணுக்கு ரெண்டாவது தடவையா பேர் வைக்கிறீங்க” என்றார். போட்டேன். கொஞ்ச நேரத்தில் வானொலியில் வந்துவிட்டது. தேநீர்க் கடைக்காரர் சொன்னார், பேருந்து நடத்துநர் சொன்னார், ஒருவர்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன என்று துறைமுகத்திலிருந்து தகவல் வந்தது.

உச்சி வேளைக்கு முன்னால் நகர நிர்வாகத்திலிருந்து அச்சகத்துக்கு ஆள் வந்தது. கரையோர வீடுகளுக்குக் கொடுக்க அவசரமாகத் துண்டுப் பிரசுரம் வேண்டும், பெரிய அச்சகம் பூட்டியிருக்கிறது, உடனே அடித்துத் தர முடியுமா என்று கேட்டார்களாம். நான் போனபோது அப்பா தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.  “கரையோரத்துல குழந்தைங்க இருக்காங்கல்ல” என்று அவராகவே சொல்லிவிட்டு, இருப்பதிலேயே பெரிய எழுத்தில் உன் பெயரைப் போட்டு மெஷினை ஓட்டினார். கட்டுக் கட்டாக வந்து விழுந்தது. ‘தூவி வருகிறது. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் உடனே வெளியேறவும்.’ நகர நிர்வாகத்து ஆள் போன பிறகு, கையில் மையோடு ஸ்டூலில் உட்கார்ந்து, “கடைசியில மாப்பிள்ளை பேரே இல்லாம அடிக்க வேண்டியதாப் போச்சு” என்றார்.

கரையோரத்து மக்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் பிற்பகலில் வறண்ட காற்று உள்ளே புகுந்து புயல் கடலிலேயே வலுவிழந்தது, கரைக்கு வந்தது மழையும் கொஞ்சம் காற்றும்தான். ஒரு கூரையும் போகவில்லை. உன் அத்தையின் அழகு நிலையத்துப் பெயர்ப்பலகை மட்டும் கழன்று எதிர்ச் சாக்கடையில் விழுந்தது. “பாத்தீங்களா அண்ணி, ஊர்ல அத்தனை பேர் இருக்க, என் மேலதான் அவளுக்குக் கோபம்” என்று தொலைபேசியில் சொன்னாள், குரலில் வருத்தத்தைவிடப் பெருமைதான் இருந்தது.

அப்புறம் உன் குறுஞ்செய்தி வந்தது. உன் மேலதிகாரி புயலின் பெயரைச் செய்தியில் பார்த்துவிட்டு, உன் மேசைக்கு வந்து, முழுப் பெயரையும் சரியாகச் சொல்லி, உன் வீட்டாருக்கு ஆபத்தில்லையே என்று கேட்டதாகவும், வந்தவரை நிற்கவைத்துப் பாலத்துக் கணக்கையும் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். மனுவைப் பற்றி, ‘இப்ப பேரை மாத்தினா புயலுக்குப் பயந்து மாத்திட்டேன்னு சொல்லுவாங்கம்மா, கிழிச்சுப் போட்டுட்டேன்’ என்று இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு மீந்துபோன பிரசுரத்தில் மை தீற்றாத ஒன்றாகத் தேடி எடுத்து, நான்காக மடித்து, இந்த உறைக்குள் வைக்கச் சொன்னார். வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, பார்த்துவிட்டேன்.